குப்பைக்குக் கட்டணம்

நான் சிறுவனாயிருந்த நாளில் மயிலாடுதுறைக் கூறைநாட்டில் குப்பைக்குக் காசு கொடுத்தவர் எவருமில்லை. குப்பைதான் நமக்கு ஏதேனும் கொடுத்தது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கிடைத்தது. செய்தித்தாளும் புட்டியும் எடைக்குப் போயின. வடித்த கஞ்சியும் காய்கறித் தோலும் மாட்டின் கழுநீர்த் தொட்டிக்கு. எஞ்சிய சாம்பலும் சருகும் எருக்குழியில் மக்கி வயலுக்குச் சென்றன.

காலம் மாறிற்று. மாடு போயிற்று, எருக்குழி இருந்த இடத்தில் மாடி வீடு எழுந்தது. மத்திய அரசு 2016-ஆம் ஆண்டு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டாருக்கு இரு கடமைகளை விதித்தன. மக்குவது, மக்காதது, தீங்கு தருவது எனக் குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதனை அகற்றும் சேவைக்குக் கட்டணமும் செலுத்த வேண்டும். இவ்விரண்டில் எளியதை நான் பற்றிக்கொண்டேன். காசைக் கட்டினேன், பிரிப்பதை விட்டேன்.

கட்டணம் வரும்முன் என் மனைவி பால் உறைகளைக் கழுவி உலர்த்தி வைப்பாள். "பணம் கட்டுகிறோமே, இந்த வேலை எதற்கு?" என்று தடுத்தவன் நானே. ஒருநாள் உடைந்த கண்ணாடித் தம்ளரைச் சோற்றுக் குப்பையோடு பையில் கட்டி வைத்தேன். தூய்மைப் பணியாளரான அம்மையார் பையைப் பிரித்துக் கைவிட்டார். விரல் கிழிந்து இரத்தம் வழிந்தது. பதறி ஓடினேன். அவர் கோபிக்கவில்லை. "நீங்கள் பணம் கட்டிவிட்டீர்கள் சார். கையை விடுகிறவள் நான்தானே" என்றார்.

அவ்வாரம் பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆத்தும சோதனை செய்கையில், இது எந்தக் கட்டளையின்கீழ் வரும் என்று நெடுநேரம் தேடினேன். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், குப்பையைப் பிரித்து வைப்பதையும் அன்றாட அன்புச் செயல்களுள் ஒன்றாக எண்ணியிருக்கிறார். அதைப் படித்திருந்தும் அச்செயலைக் காசுக்கு விற்றுவிட்டேன்.

கட்டணமே தவறென்று சொல்ல வரவில்லை. வண்டியும் ஆளும் இலவசமாக வருவதில்லை. ஆனால் வாங்கும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. தென்கொரியாவில் 1995 முதல் கலந்த குப்பைக்குரிய பையை விலை கொடுத்து வாங்க வேண்டும். பிரித்து வைத்த தாளும் புட்டியும் இலவசமாகப் போகும். ஆகவே பிரிப்பவருக்கு மிச்சம், சோம்பேறிக்குச் செலவு. இங்கோ, ஒருபிடி குப்பை போடும் பக்கத்து வீட்டுக் கைம்பெண்ணும் பை பையாகக் கொட்டும் நானும் வீட்டுக்கு இவ்வளவு என்றே செலுத்துகிறோம். குறைப்பதனால் அவருக்கு என்ன பயன்? சென்னை மாநகராட்சி 2021 ஜனவரி முதல் வசூலிப்பதாக அறிவித்த குப்பைக் கட்டணம், மக்களின் எதிர்ப்பினால் நிறுத்தி வைக்கப்பட்டதும் நினைவிருக்கலாம்.

கட்டணத்துக்கு அஞ்சி இரவில் வாய்க்காலில் வீசுவோரும் உளர். நாமோ காவிரியின் கடைமடைக்காரர்கள். மேட்டூர்த் தண்ணீர் வந்து சேரும்போது, மேலே உள்ளவர் வீசியதெல்லாம் நம் மதகில்தான் வந்து அடைகிறது.

இப்போது எங்கள் வாசலில் மூன்று வாளிகள் இருக்கின்றன. கண்ணாடியைத் தாளில் சுற்றித் தனியே கையில் கொடுக்கிறேன். ஆயினும் அந்த அம்மையார் என் வீட்டுப் பையை வாங்கியதும், இன்றளவும் முதலில் வெளியிலிருந்து மெல்லத் தட்டிப் பார்க்கிறார்.