கிடங்கில் விடிந்த ராத்திரிகள்

கீழ்வேளூர்ப் பக்கம் சாமி புறப்பாட்டில் விடிய விடிய தவில் கேட்டவர்களுக்கு இந்தக் கதை சட்டென்று புரியும்.

1977ல் சிகாகோவில் 'வேர்ஹவுஸ்' என்றொரு நடன கிளப் தொடங்கியது. மற்ற இடங்களில் ஒதுக்கப்பட்ட கறுப்பின, லத்தீன் இளைஞர்கள், அதிலும் பெரும்பாலும் தன்பால் ஈர்ப்பாளர்கள், சனிக்கிழமை ராத்திரி நுழைந்தால் ஞாயிறு விடிந்தும் ஆடிக்கொண்டிருப்பார்கள். டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ் ஓர் இசைத்தட்டு முடியுமுன்பே அடுத்ததைத் தாளம் பிசகாமல் கோர்த்துவிடுவார். 'ஹவுஸ்' இசைக்குப் பெயர் வந்ததே அந்த கிளப்பிலிருந்துதான்!

1982 வாக்கில் நுழைவுக் கட்டணம் இரட்டிப்பானது. நக்கிள்ஸ் வெளியேறி 'பவர் பிளான்ட்' தொடங்கினார். கூட்டமும் அவர் பின்னாலேயே போய்விட்டது. 2023ல் அந்தப் பழைய கட்டடத்தைச் சிகாகோ நகரம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. நல்லதுதான். ஆனால் கூட்டம் போய் நாற்பது வருஷமாயிற்றே!

நம்மூர்த் தவில் ராத்திரிக்கு டிக்கெட் போட்டால் வீதியில் யார் மிஞ்சுவார்கள்? யோசித்துப் பாருங்கள்.