உடன்பிறந்தானும் உத்தரவும்

கிராணி வேலையில் நம் காதுக்குப் பழகிய சொல் 'உத்தரவு' என்பதாம். அதன் எடையை நமக்கு உணர்த்தியது ஒரு நாடகம்.

'தீவு' என்பது அதன் பெயர். தென்னாப்பிரிக்கர்களாகிய அதோல் ஃபூகார்ட், ஜான் கானி, வின்ஸ்டன் இன்ட்சோனா மூவரும் ஆக்கியது. 1973-இல் கேப் டவுனில் அரங்கேறியது. நிறவெறி ஆட்சி நடந்த நாளில், ராபன் தீவுச் சிறையில் ஓரறையில் இருவர். பகலில் பயனின்றி மணல் சுமப்பர். இரவில் கிரேக்கப் புலவர் சோபக்ளீஸின் 'ஆன்டிகனி'க்கு ஒத்திகை பார்ப்பர். அரசாணையை மீறி உடன்பிறந்தானை அடக்கஞ் செய்த மங்கை அவள். இடையில் ஒருவனுக்கு மூன்று மாதத்தில் விடுதலை என்று செய்தி வருகிறது. மற்றவனுக்கோ ஆயுள் தண்டனை. பொறாமை பொங்குகிறது, எனினும் சகோதரத்துவம் தோற்கவில்லை. ஆயுட்கைதியே ஆன்டிகனியாகத் தோன்றி, முடிவில் வேடங் களைந்து தன் குரலிலேயே பேசுகிறான்.

படித்த இரவு நமக்கு உறக்கமில்லை. சில மாதங்களுக்கு முன், தம்பியை அடக்கஞ் செய்யச் சென்ற தொழிலாளி ஒருவர் இரண்டாம் நாளும் பெரட்டுக்கு வரவில்லை. "அனுமதியின்றி வராதவர் என்றெழுது" என்றார் மேலதிகாரி. எழுதினோம், கூலி குறைந்தது. "பரவாயில்லைங்க ஐயா, உங்க கடமை" என்றார் அவர். வசை மொழிந்திருந்தால் இவ்வளவு சுட்டிராது.

மறுநாட் காலை, அப்பதிவைத் திருத்த வேண்டுமென எழுதிக் கையொப்பமிட்டு நீட்டினோம். விடை இன்னும் வரவில்லை.

அன்பர்களே! சிறையிலிருந்தவன் உள்ளத்தால் சுதந்திரனாயிருந்தான். பேனா பிடித்த நாமோ, அந்த ஒரு கையொப்பம் இடும்வரை அடிமையாயிருந்தோம்.