பட்டா யார் பேரில்?

கதை எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எவ்வளவு பெரிய வார்த்தை காதில் விழுந்தாலும், அதற்கு ஒரு முகம் உண்டா, ஓர் ஊர் உண்டா என்று தேடிக்கொண்டு போவான். ‘நிலைத்த வளர்ச்சி’ என்பது இக்காலத்துப் பெரிய வார்த்தைகளில் ஒன்று. இன்றைய பசிக்காக நாளைய பிள்ளைகளின் சோற்றுப் பானையில் கை வைக்காத வளர்ச்சி என்று அதற்குப் பொருள் சொல்லலாம். 2015-இல் ஐக்கிய நாடுகள் சபை இதற்கென்று 17 இலட்சியங்களை வகுத்து, 2030-ஆம் ஆண்டைத் தவணையாக வைத்தது. அவற்றில் ஐந்தாவது, ஆணும் பெண்ணும் சமம் என்பது.

“வளர்ச்சி வேறு, பெண்ணுரிமை வேறு, இரண்டையும் ஏன் ஐயா ஒரே பந்தியில் உட்கார்த்தி வைக்கிறார்கள்?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்குத் தெரிந்த பதில் கீழத் தஞ்சையில் இருக்கிறது.

அந்தப் பக்கத்து வயல்களில் நடவும் களையெடுப்பும் பெண்களின் வேலை. அறுப்பிலும் அவர்கள் கை உண்டு. விதை நெல்லைக் காயவைத்து, பூச்சி அண்டாமல் எடுத்து வைப்பதும் பெரும்பாலும் அவர்களே. ஆனால், ‘உழுபவனுக்கே நிலம்’ என்று நாம் முழங்கிய நாளில்கூட அந்தச் சொல்லுக்கு ஆண்பால் விகுதிதான். இலக்கணத்தில் இருந்த விகுதி தாலுகா ஆபீசிலும் இருந்தது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் சாகுபடிக்கு உரியவர்கள் என்று பதிவானவர்களில் பெண்கள் நூற்றுக்குப் 14 பேர் அளவே.

என் அத்தை ஒருத்தி கடலோரத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். எந்த மடையில் எப்போது தண்ணீர் ஏறும், எந்தக் கட்டத்தில் எந்த நெல் பொய்க்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். 1993-இல் மாமா நான்கு மா நிலத்தை இறால் பண்ணைக்கு விற்றார். நல்ல விலை. பத்திரம் பதிவாகி, பணமும் கைக்கு வந்த பிறகுதான் அத்தைக்குச் சேதி தெரிந்தது. அவள் கையெழுத்து எங்கேயும் தேவைப்படவில்லை.

நான் போய்ப் பார்த்தபோது அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. “நெல்லைப் பத்திதாண்டா தம்பி எங்கிட்டக் கேப்பாரு. நிலத்தைப் பத்திக் கேக்கமாட்டாரு” என்றாள். சில வருஷங்களில் இறாலுக்கு நோய் கண்டது. பண்ணைக்காரர்கள் குட்டையை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். உப்பு பூத்து வெளுத்துக் கிடந்தது மண். பக்கத்து வயல்காரர்களின் கிணறும் கரித்தது.

இதே கீழத் தஞ்சையில் வேறொரு கதையும் நடந்தது. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு கீழவெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். அதன் பிறகு அந்தப் பகுதிக்கு வந்து தங்கிய சர்வோதயத் தம்பதியர் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். 1981-இல் ‘லாஃப்டி’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நிலச்சுவான்தார்களோடு பேசி, வங்கிக் கடன் பெற்று, நிலத்தை விலைக்கே வாங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பதினாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இவ்வாறு நிலம் பெற்றன. அதில் கிருஷ்ணம்மாள் வைத்த ஒரு நிபந்தனைதான் நண்பருக்கு நான் சொல்லும் பதில்: நிலம் பெண்ணின் பேரில் பதிவாக வேண்டும். குடித்துத் தொலைப்பதற்கோ, அவசரக் கடனுக்கு ஈடு வைப்பதற்கோ அவளைக் கேளாமல் அந்த நிலத்தைத் தொட முடியாது.

தொண்ணூறுகளில் இறால் பண்ணைகள் வந்தபோது அவற்றை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்களில் கிராமத்துப் பெண்கள் ஏராளம். காரணம் தத்துவமல்ல, குடிதண்ணீர். கிணறு உப்பானால் குடத்தோடு இன்னும் ஒரு மைல் நடக்க வேண்டியவள் அவள்தானே? வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 1996 டிசம்பர் 11-ஆம் தேதி, கடலோரக் கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றும்படி தீர்ப்பு வந்தது. 2005-இல் வந்த வேறொரு சட்டம் பண்ணைகளுக்கு மறுபடி வழி விட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தீர்ப்புகள் நிலைப்பதில்லை, பட்டா சற்று நிலைக்கிறது.

பெண் என்றால் பூமாதேவி, மண்ணை விற்கவே மாட்டாள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆசையும் அவசரமும் அவளுக்கும் உண்டு. நான் சொல்வது சிறிய விஷயம். ஒரு முடிவின் சுமையைத் தலையில் தூக்கப் போகிறவளை, முடிவெடுக்கும்போது கூப்பிட வேண்டாமா? கூப்பிடாத வீட்டில் வருகிற வளர்ச்சி எத்தனை போகம் தாங்கும்?

சட்டம் தன் பங்குக்கு நடந்துதான் வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1989-லேயே, மணமாகாத மகளுக்கும் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்தார்கள். 2005-இல் அது நாட்டிலுள்ள இந்து மகள்கள் அனைவருக்கும், மணமானவர்களுக்கும் சேர்த்து, ஆயிற்று. ஆயினும் அண்ணன் தம்பிகள், “நமக்குள் என்னம்மா, ஒரு கையெழுத்துத்தானே?” என்று தங்கையிடம் ஒரு காகிதத்தை நீட்டுவது நின்றுவிடவில்லை. அந்தக் காகிதத்துக்குப் பேர் என்ன தெரியுமா? விடுதலைப் பத்திரம்! உரிமை போகிற நாளில் அவளுக்கு விடுதலையாம். இப்படி ஒரு பெயரைச் சூட்ட எந்தக் கதாசிரியனுக்கும் துணிவு வராது.

நேயர்கள் ஐக்கிய நாடுகள் சபை வரை போக வேண்டாம். உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் ஒரு பத்திரமோ பட்டாவோ இருக்கும். இன்று மாலை அதை எடுத்துப் பாருங்கள். அதில் இருக்கும் பெயர்களைப் படித்துவிட்டு, அதில் இல்லாத பெயர்களையும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.