பாய்லருக்குத் தொண்டை கட்டினால்...

மயிலாப்பூரில் பெரியப்பா வீட்டுக்குப் போனால் முதலில் காபி வரும். போன மார்கழியில் புகை வந்தது.

வந்தது குளியலறையிலிருந்து. உள்ளே கண்ணைக் கசக்கிக்கொண்டு பெரியப்பா. எதிரே, அந்த வீட்டை ஐம்பது வருஷமாக ஆண்டு வரும் செப்பு பாய்லர்.

பாய்லர் என்றதும் தொழிற்சாலை ஞாபகம் வந்தால் நீங்கள் ஃப்ளாட்டில் பிறந்தவர். இது இடுப்பு உயர உருளை. நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு குழாய், நெருப்பு அதற்குள். சுற்றிலும் தண்ணீர். அடியில் கம்பிச் சல்லடை, சாம்பல் விழ ஒரு வாய். மேலே ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீர் வரும். கொடுக்காமல் எதுவும் கிடைக்காது... சில ஆபீஸ்களைப் போல!

"ஒரு கீஸர் வாங்கிடலாமே பெரியப்பா?"

"கரண்ட் போனா உன் கீஸர் வெந்நீர் குடுக்குமாடா? கரி சரியில்லை. அதான் புகை."

பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "நேத்தி குளிச்சுட்டு சுவரைப் பிடிச்சுண்டு வந்தார்டா. தலை சுத்தித்தாம். பித்தம்ங்கறார்."

எனக்குச் சுருக்கென்றது. இது பித்தமாகத் தெரியவில்லை. காற்று போதாமல் கரி எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல்... அப்புறம் மயக்கம், அதற்கப்புறம் சொல்ல வேண்டாம். கதவு சாத்திய சின்னக் குளியலறை அதற்கு ரொம்பப் பிடித்த இடம்.

பாய்லர் தலையிலிருந்து ஒரு தகரக் குழாய் கிளம்பி, முழங்கை மாதிரி மடங்கி, சுவர் ஓட்டை வழியாக வெளியே போகிறது. பெரியப்பா கரியோடு கொட்டாங்கச்சி, ஈரத் தேங்காய் மட்டை எல்லாவற்றையும் போடுவார். அந்தப் புகை போகிற வழியில் கரியாகப் படிந்து முழங்கையை அடைத்துவிட்டது. அங்கே கை நுழையாது. குச்சி மடங்காது.

பிரஷ் வாங்க தி.நகர் போனேன். ரங்கநாதன் தெருவில் கிடைக்காத பொருள் உண்டா? "பாய்லர் பிரஷ்" என்றேன். "கொழந்தைக்கு எத்தனை மாசம் ஸார்?" என்று பால்பாட்டில் பிரஷ்ஷை நீட்டினான் கடைப் பையன். அடுத்த கடையில் டாய்லெட் பிரஷ்ஷைக் காட்டினார்கள். மூன்றாவது கடையில் கேட்பதற்குள் கூட்டமே என்னைத் தள்ளிக்கொண்டு போய் உஸ்மான் ரோட்டில் விட்டது.

வெறுங்கையோடு லஸ்ஸில் இறங்கி, மாட வீதிப் பக்கம் ஒரு சந்தில் டீ குடிக்க ஒதுங்கினேன். அங்கே பளபளவென்று கரி பாய்லர்! அதே குடும்பம்தான்: நடுவில் கரி, சுற்றிலும் தண்ணீர். மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"பிரஷ் எதுக்கு ஸார்? கயிறு வாங்குங்க" என்றார், டீயை ஆற்றிக்கொண்டே.

மறுநாள் காலை அவர் சொன்ன வைத்தியம். முதல் நாளிலிருந்து நெருப்புப் போடாமல், பாய்லர் நன்றாக ஆறியிருக்க வேண்டும். தரையில் பழைய பேப்பர், மூக்கில் ஈரத்துணி. தகரக் குழாயைக் கழற்றினோம். கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டி மேலிருந்து விட்டால், எந்த வளைவானாலும் தானே இறங்கி மறுபக்கம் வந்துவிடுகிறது. கயிற்றின் நடுவில் தேங்காய் நாரைப் பந்தாகக் கட்டி, ஒரு முனையை நானும் மறுமுனையைப் பெரியப்பாவும் பிடித்து மாறி மாறி இழுத்தோம். தயிர் கடைகிற மாதிரிதான். முழங்கை முடிந்ததும் பாய்லரின் நடுக்குழாய்க்கும் அதே கடைசல். கொட்டிய கரி ஒரு முறம்!

லண்டனில் ஒரு காலத்தில் இந்த வேலைக்குச் சின்னப் பையன்களையே புகைபோக்கிக்குள் ஏற்றினார்கள். அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குப் புகைக்கரியால் புற்றுநோய் வருகிறது என்று பெர்சிவல் பாட் என்ற டாக்டர் 1775-லேயே எழுதினார். அந்த வழக்கத்துக்கு ஒரு முடிவு கட்டிய சட்டம் வந்தது 1875-ல். நடுவே நூறு வருஷம்! ஒரு முழக் கயிறு எவ்வளவு புண்ணியம் என்று நினைத்துக்கொண்டேன்.

குழாயை மாட்டி, முதலில் தண்ணீர் நிரப்பி, அப்புறம் நெருப்பு. தண்ணீர் இல்லாமல் மூட்டினால் பற்றவைத்த இடம் விட்டுப்போகும். சாம்பல் வாய் அருகே ஊதுபத்தியைப் பிடித்தோம். புகை சமர்த்தாக உள்ளே போனது. வெளியே திரும்பி வந்தால் அடைப்பு இருக்கிறது, நெருப்பை வெளியே எடு என்று அர்த்தம். அன்று வெந்நீரும் சீக்கிரம் காய்ந்தது. படிந்த கரி, சூட்டைத் தண்ணீருக்கு விடாத கம்பளி அல்லவா?

பி.காம். படித்தவனுக்கு இது சுலபமாகப் புரிந்தது. உள்ளே போகிற காற்றும் வெளியே போகிற புகையும் டாலி ஆகவேண்டும். ஆகாவிட்டால் பாக்கி நம் நுரையீரலில்.

இதை அடையாறு ஃப்ளாட் நண்பனிடம் சொன்னேன். "இந்தக் காலத்துல பாய்லரா?" என்று சிரித்தான்.

"உன் பாத்ரூம்ல என்ன?"

"காஸ் கீஸர்."

"அதோட புகை எந்த வழியா போறது? ஜன்னல் எங்கே?"

சிரிப்பு நின்றது. அன்று சாயந்திரமே கீஸரை வெளியே மாற்ற ஆள் கூப்பிட்டான்.

போன வாரம் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். குளியலறை ஜன்னல் ஆணி அடித்த மாதிரி திறந்தே இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் பாய்லருக்கு ஊதுபத்தி காட்டுகிறாராம்.

"கபாலிக்குக்கூட இவர் இப்படிக் காட்டினதில்லைடா" என்றாள் பெரியம்மா.

முதலில் காபி வந்தது.