கடலில்லாத ஊரில் கப்பல்களின் வழக்கு

ஆர்.கே.புரம் ஐந்தாம் செக்டாரில், அரசு ஊழியர் குடியிருப்புகளுக்கு நடுவே லோதி காலத்துக் கல்லறை மாடங்கள் நிற்கின்றன. வசீர்பூர் கா கும்பத் என்கிறார்கள். பக்கத்தில் ஒரு படிக்கிணறு. நான் போன மாலையில் மாடங்களின் நிழலில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

லோதிகள் தில்லியை ஆண்டது 1451 முதல் 1526 வரை. அந்த ஆட்சிக்காலத்தில்தான், 1498இல், வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கினார். சில ஆண்டுகளிலேயே போர்ச்சுக்கீசியர் 'கர்த்தாஸ்' என்ற கடற்சீட்டை விற்கத் தொடங்கிவிட்டார்கள். சீட்டில்லாத வணிகக் கப்பல் கையில் சிக்கினால் சரக்கோடு பறிமுதல். கிணற்றுப் படிகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த மண்ணில் இருந்த ஓர் அரசு அதற்கெல்லாம் எப்படிப் பதில் சொல்லியிருக்க முடியும்?

அங்கிருந்து தில்லித் தமிழ்ச் சங்கத்துக்கு நடந்தேன். 1946இல் தொடங்கிய சங்கம் அது. தெருவுக்கே தமிழ்ச் சங்க மார்க் என்று பெயர். நூலகத்தில் குறிப்புகளை விரித்து வைத்திருந்தபோது எதிரில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். அமைச்சகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம்.

“தில்லி பாதுஷாவுக்கு ஏதுங்க கடற்படை?”

“கப்பல் இருந்ததுங்க ஐயா. அதைக் காப்பாற்றப் பெரிய படைதான் இல்லை.”

“அப்ப யாராவது கொள்ளையடிச்சா?”

அவர் கேட்டதுதான் நான் தேடி வந்த கேள்வியும். 1613இல் சூரத் அருகே 'ரஹீமி' என்ற பெருங்கப்பலைப் போர்ச்சுக்கீசியர் பிடித்தார்கள். கப்பல் முகலாய பாதுஷா ஜஹாங்கீரின் தாய் மரியம் உஸ் ஸமானிக்குச் சொந்தம். கர்த்தாஸ் வாங்கியிருந்தும் பிடித்தார்கள்! ஜஹாங்கீர் கடலுக்குப் போகவில்லை. போர்ச்சுக்கீசிய வணிகத்தை நிறுத்தினார், ஆக்ராவில் அவர்களுடைய பாதிரிமாரின் தேவாலயத்தைப் பூட்டினார், டாமனை முற்றுகையிடப் படை அனுப்பினார். 1615இல்தான் சமாதானம் வந்தது.

எண்பது ஆண்டு கழித்து வந்த அடி இன்னும் பெரியது. 1695 செப்டம்பரில், செங்கடலிலிருந்து ஹஜ் பயணிகளோடு சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பாதுஷா ஔரங்கசீப்பின் 'கஞ்ச் இ சவாய்' கப்பலை ஹென்றி எவ்ரி என்ற ஆங்கிலேயக் கொள்ளையன் பிடித்தான். சூரத்தின் பெருவணிகர் அப்துல் கபூரின் கப்பலும் அதற்குச் சற்று முன்பே அவன் கையில் போயிருந்தது. பாதுஷாவின் கப்பலில் 52 லட்சம் ரூபாய்க்குப் பொன்னும் வெள்ளியும் இருந்ததாக வரலாற்றாசிரியர் காஃபி கான் எழுதுகிறார். பணத்தைவிட, பயணிகளுக்கும் பெண்களுக்கும் நேர்ந்த கொடுமைதான் சூரத்தைக் கொதிக்க வைத்தது.

சூரத் ஆளுநர் இதிமாத் கான் ஆங்கிலேயக் கம்பெனியின் பண்டகசாலையைக் காவலில் வைத்தார். தலைவர் சாமுவேல் ஆன்ஸ்லியும் மற்றவர்களும் விலங்கோடு அடைபட்டார்கள். 1696 நடுவில்தான் வெளியே வந்தார்கள். வெளியே திரண்ட கூட்டத்திடமிருந்து அவர்கள் உயிரைக் காத்ததும் அந்தக் காவல்தான். 'எவ்ரி எங்கள் ஆளல்ல' என்று கம்பெனி கதறியது. தர்பார் கேட்கவில்லை.

இதில் ஒரு நியாயம் இருந்தது என்றே எனக்குப் படுகிறது. கடல் எங்கள் கையில் என்று சொல்லிச் சீட்டு விற்கிறவன், அந்தக் கடலில் நடக்கும் கொள்ளைக்கும் பொறுப்பேற்கத்தானே வேண்டும்? பாதுஷாவின் கை கடலுக்கு எட்டாது. ஆனால் உள்நாட்டிலிருந்து சூரத்துக்குப் போகும் துணியும் அவுரியும் வெடியுப்பும் அவர் நிலத்தின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அந்தப் பிடியை அவர் விடவில்லை. லண்டனில் எவ்ரியின் தலைக்கு அரசு 500 பவுன் அறிவித்தது. கம்பெனி தன் பங்கையும் சேர்த்தது. எவ்ரி கிடைக்கவேயில்லை. கிடைத்த கூட்டாளிகளை, கஞ்ச் இ சவாய் வழக்கில் நடுவர் குழு விடுதலை செய்துவிட்டது! ஸ்பெயின் துறைமுகமொன்றில் ஆங்கிலக் கப்பலைத் திருடிய குற்றத்தை முன்வைத்த பிறகே தண்டனை வந்தது. 1696 நவம்பரில் ஐந்து பேரைத் தூக்கிலிட்டார்கள். எதை எந்த நாட்டார் குற்றம் என்று கருதினார்கள் என்பது அதில் தெரிகிறது.

1698இல் வில்லியம் கிட் மலபார்க் கடலில் இன்னொரு சூரத் கப்பலைப் பிடித்ததும் தர்பாரின் பொறுமை தீர்ந்தது. ஐரோப்பியர்களிடம் முச்சலிக்கா என்ற உறுதிப்பத்திரம் எழுதி வாங்கினார்கள்: செங்கடல் டச்சுக்காரர் பொறுப்பு, பாரசீக வளைகுடா பிரெஞ்சுக்காரர் பொறுப்பு, தென்கடல் ஆங்கிலேயர் பொறுப்பு.

பெரியவர் கேட்டுவிட்டு, “ஆளுக்கொரு பீட்டு போட்டுட்டாங்க” என்றார்.

வெளியே வந்து ஏழாம் செக்டார் மலை மந்திருக்குப் படியேறினேன். குன்றின் மேல் சுவாமிநாதர்; எல்லோர் கண்ணிலும் படும்படி 'யாமிருக்க பயமேன்' என்ற தமிழ் எழுத்துகள். துறைமுகத்தில் நங்கூரம் தூக்கும் எந்த வணிகனும் அரசிடம் எதிர்பார்த்தது இந்த ஒரு வாக்கைத்தான்.

ஆனால் அந்த வாக்குக்காக யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்டால் பதில் சென்னைக்குப் போகிறது. ஐரோப்பியரையும் அவர்கள் சரக்கையும் பிடிக்கச் சொல்லி 1701இல் கட்டளை பிறந்தது. 1702 பிப்ரவரியில் நவாபு தாவூத் கான் புனித ஜார்ஜ் கோட்டையை வளைத்துக்கொண்டார். மே மாதம் வரை நகருக்குள் தானியமும் சரக்கும் போவது தடைபட்டது. முற்றுகைக்கு வேறு காரணங்களும் உண்டு, பணத்தாசை உட்பட. கடைசியில் பணம் வாங்கிக்கொண்டுதான் அகன்றார். ஆளுநர் தாமஸ் பிட்டுக்குக் கோட்டைச் சுவர் இருந்தது. நெசவாளிக்கும் கூலிக்கும் அந்த மூன்று மாதமும் வேலை ஏது, அரிசி ஏது? செங்கடலில் கொள்ளையடித்தவனை அவர்கள் கண்ணால்கூடக் கண்டதில்லை. கொள்ளைக்காரனை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்பவனைப் பிடிக்கும் முறையின் குறை அது. அதை மறைத்துவிட்டு பாதுஷாவின் உறுதியை மட்டும் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

இன்று தில்லிக்குக் கடற்படை இருக்கிறது. கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. 2024 மார்ச்சில், சோமாலியக் கொள்ளையர் கடத்தியிருந்த 'ரூவன்' சரக்குக் கப்பலை 'ஐ.என்.எஸ். கொல்கத்தா' மடக்கியது. நாற்பது மணி நேர நடவடிக்கை. கப்பல் பணியாளர் 17 பேரும் உயிரோடு மீண்டார்கள். சரணடைந்த 35 பேரையும் மும்பைக்குக் கொண்டுவந்து போலீசிடம் ஒப்படைத்தார்கள். இந்த முறை விலங்கு பூட்டியது கொள்ளையடித்தவர்களுக்கே.