குறியும் வரிசையும்

கவ்பாய் வேஷம் போட்டுக்கொண்டு சுடும் பந்தயம் ஒன்று அமெரிக்காவில் நடக்கிறது. 1987இல் அமைந்த சிங்கிள் ஆக்ஷன் ஷூட்டிங் சொசைட்டி அதற்கு விதிகள் வகுத்திருக்கிறது. இரண்டு ரிவால்வர், ஒரு ரைஃபிள், ஒரு ஷாட்கன். புனைபெயர் இல்லாமல் சேர முடியாது (நமக்கு ஏற்ற விளையாட்டுதான்). ஒவ்வொரு கட்டத்துக்கும் எந்த இரும்புத் தகட்டை எந்த வரிசையில் சுடவேண்டும் என்று ஒரு பத்தி எழுதி வைத்துவிடுகிறார்கள். குண்டு தகட்டில் படாவிட்டால் 5 விநாடி கூடும். வரிசை பிசகினால் 10 விநாடி. குறி தவறுவதைவிட வாசிப்பு தவறுவதற்கு இரட்டிப்பு அபராதம்! இந்த ஆட்டத்தின் மேல் எனக்கு மரியாதை வந்தது இதனால்தான்.

மீன்சுருட்டியில் வங்கி வேலை முடிந்த மாலைகளில் அம்மாதிரிப் பத்திகளைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். 'மூன்று தகட்டையும் இருமுறை சுடு.' முதல் தகட்டில் இரண்டு போட்டுவிட்டு நகர்வதா, மூன்றையும் ஒரு தரம் தொட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பதா? 'இரண்டிரண்டாக' என்றால் முதல் அர்த்தம் கெட்டிப்பட்டுவிடுகிறது. மற்றதற்கு 'இரண்டு சுற்று' என்று எழுதினேன். ஆனால் செய்தித்தாள் பாஷையில் சுற்று என்றால் ஒரு குண்டு. நெவாடா ஸ்வீப் என்று ஒரு வரிசை: 1-2-3-2-1-2-3-2-1-2. எண் இல்லாமல் இதைச் சொல்ல வினையெச்சம் கைகொடுத்தது. ஓர் ஓரத்தில் தொடங்கி, மறு ஓரம் போய், அங்கே ஒன்றுக்கு மேல் போடாமல் திரும்பி, இப்படியே பத்தும் தீரும்வரை.

'ஓரம்' என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. 'இடது' என்ற சொல்லை நான் நம்புவதில்லை.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தேன். ஒரு முகாமில் பாயிண்ட் டூ டூ ரைஃபிளுடன் ஐந்து பேர் வரிசையாகப் படுத்திருந்தோம். எதிரே ஆறு அட்டைகள். எங்களைப் பார்த்து நின்றிருந்த உஸ்தாத், இடது ஓரத்து அட்டையை விட்டுவிடச் சொன்னார். அவர் சொன்னது இந்தியில். 1968 ஜனவரியில் தமிழகச் சட்டசபை என்.சி.சி.யின் இந்திக் கட்டளைகளுக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. எங்கள் முகாமில் அவை சௌகரியமாகவே இருந்தன. ஆனால் பிசகுக்குக் காரணம் இந்தி அல்ல. 'பாயே' என்றால் இடது என்று எல்லோருக்கும் தெரியும். முதல் மூன்று பேர் எங்கள் இடது என்று எடுத்துக்கொண்டோம். மற்ற இருவர் அவருடைய இடது என்று எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவதாகப் படுத்திருந்த நானும் நான்காவதான நண்பனும் ஒரே அட்டையில் சுட்டோம். பத்து ஓட்டைகள்.

யார் தப்பு என்று கேட்டார் உஸ்தாத். "நீங்க சொன்னது எங்க இடதுதானே சார்" என்றேன். மூன்று பேர் ஒரு பக்கம் இருந்ததால் அவரும் தலையாட்டிவிட்டார். சொல்லும்போது அவர் கை எங்கள் வலப்பக்கம் நீண்டதை நான் பார்த்திருந்தேன். என்னை மட்டும் மறுபடி சுட விட்டார். ஐந்தும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கின. அடுத்த முகாமுக்கு நான் போனேன். நண்பன் போகவில்லை.

வங்கிக்கு வரும் பத்திரங்களில் நிலத்தின் நாலெல்லை இருக்கும். எத்தனை மோசமான கையெழுத்திலும் பத்திரம் எழுதுகிறவர் இடது, வலது என்று எழுதமாட்டார். இன்னார் புஞ்சைக்கு வடக்கு, வாய்க்காலுக்குக் கிழக்கு. பக்கத்துக் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்டவர்களின் செப்பேடுகளும் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என்றே போகின்றன. படிப்பவன் எங்கே நின்றாலும் நிலம் புரண்டுவிடாது. நம் விமர்சகர்கள் ஒரு படைப்பை இடது என்றும் வலது என்றும் சொல்கிறார்கள். எந்தப் பக்கம் பார்த்து நின்றுகொண்டு என்பதைச் சொல்வதில்லை. நானும் அப்படி எழுதியிருக்கிறேன்.

போன தை மாதம் நகைக்கடன் விஷயமாக அந்த நண்பன் என் கவுண்டருக்கு வந்தான். படிவத்தைத் தள்ளி, "இடது பக்கம் கீழே கையெழுத்துப் போடு" என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான்:

"ஒனக்கு எடதா, எனக்கு எடதா?"

அவன் முகத்தில் எதுவும் தெரியவில்லை. படிவத்தைத் திருப்பி, விரலை வைத்துக் காட்டினேன்.