பழைய பெட்டியை ஏன் இன்னும் வீசவில்லை?



எங்கள் விஞ்ஞான ஆய்வுகூடத்துக்கு வரும் பெற்றோர் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "புது லெப்டொப் கிடைச்சிட்டே, இன்னும் ஏன் சேர் மூலையில அந்தப் பழைய கொம்பியூட்டர்?" நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். சிலர் இன்னொரு லெப்டொப் வாங்கித் தரவும் தயாராக இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடலாம் என்று நினைத்தோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

அந்தப் பெட்டியோடு ஒரு கருவி இணைந்திருக்கிறது. பல வருடங்களுக்கு முன் அன்பளிப்பாக வந்தது. அதன் வெப்பநிலை உணரியைச் சுடுநீரில் விட்டால், ஒவ்வொரு செக்கனும் அளந்து திரையில் வரைபாகக் கீறும். உயர்தரப் பௌதிகவியலில் குளிரல் முறையால் திரவமொன்றின் தன்வெப்பக் கொள்ளளவைக் காணும் பரிசோதனை இருக்கிறது. அதை வெப்பமானியையும் நிறுத்தற்கடிகாரத்தையும் வைத்துக் கையால் செய்து பழகத்தான் வேண்டும், பரீட்சைக்கு அதுதான் தேவை. ஆனால் வளைகோடு கண்முன்னே மெல்ல மெல்லத் தட்டையாகிப் போவதைப் பார்த்த பிள்ளைக்கு நியூற்றனின் குளிரல் விதியை இரண்டாம் தடவை விளக்க வேண்டியதில்லை.

கருவிக்கு வயதாகிவிட்டது, ஆனால் குறை ஒன்றும் இல்லை. ஐஸ் தண்ணீரில் வைத்தால் பூச்சியத்துக்குப் பக்கத்தில் காட்டுகிறது. எங்கள் வத்தேகம போன்ற மலைப்பக்கத்தில் தண்ணீர் 100 பாகைக்குச் சற்றுக் கீழேயே கொதிக்கும். அதையும் அப்படியே காட்டுகிறது.

பிரச்சினை புது லெப்டொப்பில்தான் தொடங்கியது. கருவியின் வயர் முனை 9 ஊசிகள் உள்ள பழைய சீரியல் வகை. லெப்டொப்பில் அதற்கு இடமே இல்லை. யூ.எஸ்.பி.க்கு மாற்றும் கேபிள் ஒன்றைக் கண்டியில் வாங்கி வந்து மாட்டினோம். மென்பொருள் திறந்தது, ஆனால் "கருவி இல்லை" என்றது. கணினியின் சாதனப் பட்டியலில் கேபிளுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் அடையாளம். காரணம் ட்ரைவர்.

ட்ரைவர் என்றால் பஸ் ஓட்டுபவர் அல்ல. கணினிக்கும் அதில் மாட்டும் சாதனத்துக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கும் சிறிய நிரல். சிங்களம் தெரியாத ஒருவர் கச்சேரிக்குப் போகும்போது கூட ஒருவரை அழைத்துப் போகிறாரே, அந்த வேலைதான். அந்த ஆள் வராவிட்டால் இரண்டு பக்கமும் வாய் இருந்தும் பேச்சு நடக்காது.

ஏன் வரவில்லை என்று தேடிப் பார்த்ததில் இரண்டு விடயங்கள் தெரிந்தன. இவை உங்கள் வீட்டுக்கும் கடைக்கும்கூடப் பயன்படும்.

முதலாவது, இன்றைய கணினிகளில் இருப்பது 64 பிட் விண்டோஸ். பழைய 32 பிட் மென்பொருட்கள் பலவற்றை அது ஓட்டும். ஆனால் 32 பிட் ட்ரைவரை ஏற்காது. அதனால்தான் மென்பொருள் திறந்தும் கருவியைக் காணாமல் நிற்கும். அதைவிடப் பழைய 16 பிட் நிரல்கள் என்றால் திறக்கவே மாட்டா.

இரண்டாவது, கேபிளுக்கு உள்ளே ஒரு சில்லு இருக்கிறது. வெளியே எல்லாம் ஒரே மாதிரி, உள்ளே வேறு வேறு. போலிகளும் உண்டு. 2014 ஒக்டோபரில் எஃப்.டி.டி.ஐ. என்ற ஸ்கொட்லாந்து நிறுவனத்தின் புதிய ட்ரைவர் விண்டோஸ் அப்டேட்டோடு வந்தபோது, அந்த நிறுவனத்தின் பெயரில் செய்யப்பட்ட போலிச் சில்லுகளின் அடையாள இலக்கத்தையே அது பூச்சியமாக்கிவிட்டது. வாங்கியவர்களுக்குத் தங்கள் கேபிள் போலி என்று தெரியாது. நேற்று வேலை செய்தது இன்று செத்தது. உலகெங்கும் எதிர்ப்பு வந்த பிறகே அந்த ட்ரைவரை மீளப் பெற்றார்கள்.

இதற்கிடையில் வருட முடிவில் பாடசாலைப் பொருட்களைக் கணக்கெடுக்கும் நேரமும் வந்துவிட்டது. கணினியோடு பேசாத கருவி "பாவனைக்கு உதவாதவை" பட்டியலில் போவதுதான் வழக்கம். அந்தப் பட்டியலில் ஒருமுறை ஏறினால் திரும்பி வருவது கஷ்டம். புதிதாக வாங்கும் அளவுக்கு எங்களிடம் பணமும் இல்லை. நல்ல கருவி ஒன்று, ஒரு சின்ன நிரல் இல்லாத குறைக்காகக் குப்பைக்குப் போக இருந்தது.

அதனால் இரண்டு வழியில் வேலை செய்தோம்.

ஒன்று, பழைய பெட்டியை உயிரோடு வைத்தோம். இடி மின்னலில் அதன் பவர் சப்ளை போயிருந்தது. டவுனில் கணினி திருத்தும் நானா ஒருவர், கழித்துப் போட்ட இன்னொரு பெட்டியிலிருந்து கழற்றிப் போட்டுத் தந்தார், காசு வாங்கவில்லை. அதில் இருப்பது விண்டோஸ் எக்ஸ்பீ. அதற்கான பாதுகாப்பு உதவியை மைக்ரோசொஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் திகதியே நிறுத்திவிட்டது. எனவே இணையத்தோடு இணைப்பதே இல்லை. மென்பொருள் சீடியையும் ட்ரைவர்களையும் இரண்டு இடத்தில் பிரதி எடுத்தோம். எந்தப் பதிப்பு, எந்தப் போர்ட், என்ன வேகம் என்று கடதாசியில் எழுதிப் பெட்டியின் பக்கத்திலேயே ஒட்டினோம். நாளை எங்களுக்கு இடமாற்றம் வந்தாலும் அடுத்து வரும் ஆசிரியர் தடுமாறக்கூடாது.

மற்றது, ஒரு லெப்டொப்பில் லினக்ஸ் போட்டோம். இந்த வகைக் கேபிள்களில் பெரும்பாலானவற்றுக்கான ட்ரைவர்கள் லினக்ஸின் உள்ளேயே இருக்கின்றன, தேடி அலையத் தேவையில்லை. மாட்டியதும் கேபிளை அடையாளம் கண்டது. கருவியோடு வந்த கைநூலின் பின்பக்கத்தில் அது எந்த வேகத்தில், எந்த ஒழுங்கில் தரவை அனுப்புகிறது என்று அச்சிட்டிருந்தார்கள். அதைப் பார்த்த உயர்தர மாணவர் ஒருவர், "சேர், இது வெறும் இலக்கம்தானே வருது!" என்றார். இரண்டு பின்னேரங்களில் பைதனில் சின்ன நிரல் ஒன்று எழுதி, வெப்பநிலை வரைபைத் திரைக்குக் கொண்டு வந்துவிட்டார்கள் பிள்ளைகள்.

ஆனால் அதே கருவியின் மற்ற உணரி, ஒளி தடைப்படும் நேரத்தை அளப்பது, பழைய மென்பொருளோடு மட்டும்தான் பேசும். அதன் தரவு ஒழுங்கு கைநூலில் இல்லை. ஆகவேதான் அந்தப் பெட்டி இன்னும் மூலையில் இருக்கிறது.

இந்தியாவில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. புதுடில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையம் 2004இல் பீனிக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. குறைந்த செலவில் கணினியோடு இணைத்துப் பௌதிகவியல் பரிசோதனை செய்யும் பெட்டி. ஆரம்பத்தில் அது பழைய பிரிண்டர் போர்ட்டில் மாட்டப்பட்டது. அந்தப் போர்ட் கணினிகளிலிருந்து மறைந்தது, திட்டம் மறையவில்லை. எக்ஸ்பைஸ் என்ற பெயரில் இப்போது யூ.எஸ்.பி.யில் மாட்டுகிறார்கள். கருவியின் வரைபடம், நிரல் இரண்டும் எல்லோருக்கும் திறந்தே இருப்பதால் யாரும் திருத்தலாம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு உதவியும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. இனி நிறையப் பேர் கணினி மாற்றுவீர்கள். அதனால் உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

பழைய கணினியைப் பழைய இரும்புக்குப் போடும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள். 9 ஊசிப் போர்ட் இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், பாகங்களுக்காவது உதவும்.

எந்தப் பாடசாலைக்குக் கருவி அன்பளிப்புச் செய்தாலும் அதன் சீடி, கைநூல், வயர் மூன்றையும் சேர்த்தே கொடுங்கள். பெட்டி மட்டும் வந்தால் பாதிதான் வந்ததாக அர்த்தம்.

புதிதாக வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள். லினக்ஸில் வேலை செய்யுமா? தரவு வரும் ஒழுங்கு கைநூலில் எழுதியிருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் தயங்காமல் வாங்குங்கள்.

கருவி இந்த முறை கழிவுப் பட்டியலில் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். பார்க்க விரும்பும் பெற்றோர் பாடசாலை முடிந்த பிறகு வாருங்கள். பிள்ளைகளே இயக்கிக் காட்டுவார்கள்.